எடை குறைந்த பிறகும் சத்து மாத்திரை எதற்கு? கடலூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 33 வயது, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. ஒன்றேகால் வருஷத்துக்கு முன்பு புதுச்சேரியில் எடைக்குறைப்புக்காக பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 79 கிலோ. சர்க்கரைக்கு ஆறு வருஷம் போட்ட மெட்ஃபார்மின் மாத்திரையும் நின்றுவிட்டது. முதல் பத்து மாதம் சத்து மாத்திரைகளைக் காலையில் டீயோடு மொத்தமாகப் போட்டுக்கொண்டேன். “அதுதான் இளைத்துவிட்டாயே, சத்து மாத்திரை போட்டால் மறுபடியும் உடம்பு வந்துவிடும்” என்றார் மாமியார். எனக்கும் அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்தாகக் கொட்டுகிறது, உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பச்சரிசியை எந்நேரமும் மென்றுகொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு நான்கு நாள் வாந்தி. பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். முடிக்காக பயோட்டின் கம்மி (மிட்டாய் போல மெல்லும் சத்து மாத்திரை) வாங்கிச் சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, ஃபெரிட்டின் 6, பி12 170, வைட்டமின் டி 13, கால்சியம் 9.1. கால்சியம் நார்மல்தான் என்கிறார்கள். அடுத்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். கீரை, முட்டை, மீன் சாப்பிட்டே இதைச் சரிசெய்துவிட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. இப்போது இருக்கும் பற்றாக்குறையைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது. நிரப்பிய பிறகும் மாத்திரை இல்லாமல் அதைக் காப்பாற்ற முடியாது. இது உங்கள் சமையலின் குறை இல்லை. காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

அதற்கு முன் உங்கள் உள்ளங்கால். கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ஒரு வரிதான். முடி கொட்டினால் மறுபடி முளைக்கும். பி12 குறைந்து நரம்பு பழுதாகி, அதை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் முழுதாகத் திரும்பாமலே போகலாம். உங்கள் 170 என்ற அளவு குறைவுதான். ஆகவே இந்த வாரமே, அறுவை செய்த மருத்துவர் குழுவிடமோ ஒரு பொது மருத்துவரிடமோ ரிப்போர்ட்டோடு போங்கள். “எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது, ஆறு வருஷம் மெட்ஃபார்மின் போட்டேன், காலில் ஊர்கிறது, நான்கு நாள் வாந்தி எடுத்தேன்” என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பி12 ஊசியை எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை வாரம் என்று அவர் முடிவு செய்வார். பழைய சர்க்கரை நோயும் கால் நரம்பைப் பாதித்திருக்கலாம், அதையும் அவர் பார்க்க வேண்டும். நடக்கும்போது தள்ளாடினாலோ, கண்ணை மூடி நின்றால் சாய்ந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரத்தம் குறைவு என்று யாராவது ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பி12 குறைவால் வந்த ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் மேலுக்குச் சரிசெய்துவிடும். நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், கால் மரத்துக்கொண்டு போகும்.

இனி, சாப்பாடு ஏன் போதாது என்பது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் வைத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு பெரிய இரைப்பைக்குள்ளும் போவதில்லை, சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குள்ளும் போவதில்லை. அந்தத் தொடக்கப் பகுதிதான் இரும்பையும் கால்சியத்தையும் அதிகம் உறிஞ்சும் இடம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது இரைப்பையின் அமிலம். பி12-ஐக் கைப்பிடித்துக் குடலின் கடைசிப் பகுதி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் புரதத்தைச் சுரப்பதும் இரைப்பைதான். இந்த மூன்று வேலைக்கும் ஆள் குறைத்துவிட்டோம். முருங்கைக்கீரையைத் தினமும் பொரியல் செய்தாலும் அதன் இரும்பில் பெரும்பகுதி நிற்காமல் கடந்துபோய்விடும். மாத்திரை என்பது பலவீனத்துக்குக் கொடுக்கும் டானிக் இல்லை. விலக்கிவைத்த குடல் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஈடு. குடல் அப்படியே இருக்கும்வரை மாத்திரையும் இருக்கும், அதாவது ஆயுள் முழுக்க. உங்களுக்கு அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் யார் காதிலும் எடையைத் தவிர வேறொன்றும் விழுவதில்லை என்பதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்.

இரைப்பையை வெட்டிச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவர்களும் இதைப் படிப்பார்கள். உங்களுக்குக் குடல் வழி மாறவில்லை, ஆனால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அமிலம் குறைவு, சாப்பாடும் குறைவு. உங்களுக்கும் மாத்திரை உண்டு.

நிறுத்தியவுடன் ஒன்றும் ஆகாததுதான் இதில் ஏமாற்றும் விஷயம். கல்லீரலில் பி12 வருஷக்கணக்கில் தாங்கும் அளவுக்குச் சேர்ந்திருக்கும். பாகூர் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒருவர், அறுவை முடிந்து ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் நிறுத்தியவர், நாலாவது வருஷத்தில் செருப்பு காலிலிருந்து நழுவுவதே தெரியாமல் நடக்கத் தொடங்கியபோதுதான் வந்தார். “மூணு வருஷம் நல்லாத்தானே இருந்தேன்” என்றார். மூன்று வருஷமும் சேமிப்பைத் தின்றிருக்கிறார். உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்ததற்குக் காரணம், மெட்ஃபார்மினும் பி12 சேர்வதைக் குறைக்கும் என்பது. அறுவை அறைக்குள் போகும்போதே உங்கள் கையிருப்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பச்சரிசி விஷயத்தில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நம் ஊர்ப் பெண்கள் பச்சரிசி, திருநீறு, சாக்பீஸ், ஐஸ் என்று மெல்லுவதைக் கெட்ட பழக்கம் என்று திட்டித் திட்டியே தலைமுறைகளைக் கடத்திவிட்டோம். இரும்புச்சத்து வற்றும்போது வரும் அறிகுறி அது. உங்கள் ஃபெரிட்டின் 6 என்பது இரும்புக் கிடங்கு ஏறத்தாழ காலி என்று பொருள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, உங்களுக்கு 9.2. மாதவிலக்கு உள்ள பெண்ணுக்குப் பைபாஸுக்குப் பிறகு குறைவு வராமல் தடுக்கவே தினம் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவை. நீங்கள் தடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். மாத்திரையால் ஏறவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கலாம். மருத்துவர் அதைச் சொன்னால் பயப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள். குடலைத் தவிர்த்து நேராக ரத்தத்தில் சேர்வதால் உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல வழி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையை மட்டமாக நினைக்க வேண்டாம். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. விலை உயர்ந்த டப்பாக்கள் சிலவற்றில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அட்டையைத் திருப்பிப் படித்துப் பழகுங்கள். ஆனால் அதில் பி12 இல்லை என்பதை மறக்கக் கூடாது.

இப்போது டீ. பத்து மாதம் ஒழுங்காகப் போட்டேன் என்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரும்பு, கால்சியம் இரண்டையும் ஒன்றாக, அதுவும் டீயோடு விழுங்கினால் இரும்பில் பாதிக்குமேல் வீண். கால்சியம் இரும்பை உள்ளே விடாது, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். இதை உங்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பள்ளி நேரத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு ஏற்பாடு சொல்கிறேன். காலை ஆறு மணி டீயை விட வேண்டாம். எட்டு மணிக்குப் பலகாரம், அதோடு டீ காபி கூடாது. பத்தே முக்கால் வாக்கில் இடைவேளை மணி அடிக்கும்போது இரும்பு மாத்திரை, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர். மதியச் சாப்பாட்டோடு மல்டிவைட்டமின். பள்ளி விட்டு வந்ததும் நாலரை மணிக்கு ஒரு கால்சியம், இரவுச் சாப்பாட்டோடு இன்னொன்று. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும் என்ற ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், விசேஷ நாளில் மற்ற நேரங்கள் முன்னே பின்னே போனாலும் பாதகமில்லை. மாத்திரைப் பெட்டியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரையை யாரும் நேரத்துக்குப் போடுவதில்லை.

கால்சியத்தில் இரண்டு விஷயம். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும், உங்களுக்கு அது குறைவு. கால்சியம் சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டாலும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, அதனால்தான் பிரித்துப் போடச் சொல்கிறேன். சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வர வேண்டும்.

“கால்சியம் நார்மல்” என்பதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். இதயம் துடிக்கவும் தசை அசையவும் ரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவைக் காப்பாற்றும். 9.1 என்பது ரத்தத்தின் கணக்கு, எலும்பின் கணக்கு இல்லை. எலும்பு கரைகிறதா என்று அறிய பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். வைட்டமின் டி 13 என்பதைப் பார்த்தால் அந்த ஹார்மோன் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். டி 30-க்கு மேல் வர வேண்டும். கடலூர் வெயிலில் இருந்துகொண்டு டி குறைவா என்று ஆச்சரியப்பட வேண்டாம். காலையிலிருந்து மாலை வரை வகுப்பறைக்குள் இருக்கிறீர்கள், குடலோ கொழுப்பில் கரையும் சத்துகளைச் சரியாக எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை போடும் 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். அவர் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிட்டுத் தினசரி அளவுக்கு மாறுங்கள். அதையே வருஷக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்த நான்கு நாள் வாந்தியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இதை உங்கள் கணவரும் படிக்கட்டும். பி1 என்கிற தயமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. நம் பக்கத்தில் புழுங்கல் அரிசி சாப்பிடும் வழக்கத்தால் அந்தச் சத்து ஓரளவு காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியே சாப்பிட்ட, இன்றைய ஆந்திரத்தின் கடற்கரை மாவட்டங்களில் ஒரு காலத்தில் பெரிபெரி நோய் பரவலாக இருந்தது, நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் இன்று நீங்கள் சாப்பிடுவது ஒரு கைப்பிடிச் சோறு. அதுவும் வாந்தியில் போனால் தயமின் வேகமாக வற்றும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதைச் செரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். இனி இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் எங்கே போனாலும் முதல் வார்த்தையாக “பைபாஸ் ஆகியிருக்கிறது, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் ஊசி போடுங்கள்” என்று சொல்லுங்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாறுவது, பேச்சில் குழப்பம் இதில் ஒன்று வந்தாலும் பக்கத்து கிளினிக்கில் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். கடலூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் ஒரு மணி நேரத் தொலைவுதான். அறுவையின் பெயரையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதி கணவரின் பர்ஸிலும் உங்கள் பையிலும் வையுங்கள்.

வாந்தி மறுபடி மறுபடி வந்தால் அது விருந்தின் குற்றம் மட்டும் இல்லை. இரைப்பைப் பையும் குடலும் சேரும் இணைப்பு சுருங்கியிருக்கலாம், புண் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி தேவைப்படும். தலைவலிக்கும் இடுப்புவலிக்கும் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் அந்த இணைப்பில் புண் உண்டாக்கும்.

பயோட்டின் கம்மியை நிறுத்திவிடுங்கள். எடை வேகமாக இறங்கினால் மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது இயல்பு, அது தானாக அடங்கும். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு கொட்டுவது இரும்பும் புரதமும் கேட்கும் முடி. கம்மிகளில் பெரும்பாலும் இரும்பு இருப்பதில்லை. பல ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் அதிக அளவில் இருந்தால் தைராய்டு உள்ளிட்ட ரிப்போர்ட்டுகளே மாறி வரும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பாவது அது உடம்பில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிகுறிகளும் எண்களும் ஒத்துப்போவதால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். முடிக்கென்று துத்தநாக மாத்திரையும் தனியாக வாங்கிவிடாதீர்கள். துத்தநாகம் கூடினால் செம்புச்சத்து குறையும். செம்பு குறைந்தாலும் பி12 குறைந்த மாதிரியே கால் மரக்கும்.

சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டில் புரதம் முதலில் வர வேண்டும், ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். முதுநகர் மீன் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மத்தி, கவலை, நெத்திலி போதும். நெத்திலியை முள்ளோடு நன்றாக மென்று சாப்பிட்டால் கால்சியமும் சேரும். குழம்பில் மீனை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றில் இடமிருந்தால் சோறு. மாமியார் ரத்தம் ஊற ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வறுத்துத் தருவார்கள். நல்ல எண்ணம்தான், இரும்பும் பி12-உம் உள்ளவைதான். ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கிய பிறகு ஈரல் வேண்டாம். பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் ஒரு சுளையோடு நிறுத்துங்கள். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வந்து படுக்கப் போட்டுவிடும்.

குழந்தையைப் பற்றி. அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். உங்களுக்குக் காலண்டரைவிட ரிப்போர்ட் முக்கியம். ஃபெரிட்டின், பி12, டி மூன்றும் ஏறி நிற்கட்டும், பிறகு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தேவை, இப்போது பி12 ஊசியோடு சேர்த்து. அதுவரை கர்ப்பத்தடைக்கு வாய்வழி மாத்திரையை நம்ப வேண்டாம், பைபாஸுக்குப் பிறகு அது சரியாகச் சேராமல் போகலாம். வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பமான பிறகு சர்க்கரை பார்க்க குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் ஆனவர் என்பதைச் சொன்னால் விரலில் குத்திப் பார்க்கும் முறைக்கு மாற்றிக்கொடுப்பார்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். தேறாத பிள்ளைக்கு டானிக் கொடுத்தால் பசியெடுத்துச் சதை பிடிக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதே கணக்கில் உங்கள் மாத்திரையையும் எடைபோட்டுவிட்டார்கள். இரும்பிலும் கால்சியத்திலும் பி12-இலும் உடம்பு போட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த ரிப்போர்ட்டை அவர்கள் முன்னால் மருத்துவர் படித்துச் சொன்னால் போதும், பத்தே முக்கால் மணி மாத்திரையை அவர்களே போன் செய்து ஞாபகப்படுத்துவார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, டி, பாராதைராய்டு, அல்புமின் (ரத்தப் புரதம்), செம்பு, துத்தநாகம். எல்லாம் சீரான பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, உங்கள் பிறந்தநாள் மாதத்தில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அதற்கு முன்பே ஒரு மாற்றம் தெரியும். இரும்பு ஏறத் தொடங்கினால் பச்சரிசி ஆசை பெரும்பாலும் ஹீமோகுளோபினுக்கு முன்னால் அடங்கிவிடும். அரிசி டப்பா பக்கம் கை போகாத முதல் நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, எனக்கும் எழுதுங்கள்.